நட்டு ஏறினா மார்க்கு

ரெண்டாவது வருஷ லேத் லேப் ஞாபகம் இருக்கா? 25 மி.மீ. எம்.எஸ். ராடு. ஃபேசிங், ஸ்டெப் டர்னிங், நடுவுல ஒரு துளை, அப்புறம் ஜாபைத் திருப்பி மாட்டி மறுபக்கம் த்ரெட். முடிச்சதும் லேப் அண்ணன் பையிலிருந்து ஒரு நட்டை எடுத்துச் சுத்திப் பார்ப்பார். ஏறினா மார்க்கு. ஏறலன்னா இன்னும் ரெண்டு கட் விட்டுட்டு வான்னு அனுப்புவார். எனக்கு முதல் தடவையே ஏறிடுச்சு. அந்தப் பெருமையில ஜாபைக் கேட்டு வாங்கிட்டு வந்து, ரூம்ல இன்னிக்கு வரைக்கும் பேப்பர் வெயிட்டா வச்சிருக்கேன்.

அந்த நட்டு எதையும் நிரூபிக்கலங்கிறதுதான் என் கட்சி. இதை எனக்குப் புரிய வச்சது நம்ம சிலபஸ்ல எங்கயும் இல்லாத ஒரு வேலை: வேட்டைத் துப்பாக்கியோட குழலை வெட்டிக் குட்டையாக்கி, நுனியில சைலன்சர் மாட்ட மரை போடுறது.

பதறாதீங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நாட்டுல நமக்கும் வேட்டைக்கும் சம்பந்தம் இல்ல. நான் பேசுறது நியூசிலாந்து பத்தி. அங்க வௌவாலைத் தவிர மண்ணுக்குச் சொந்தமான தரைவாழ் பாலூட்டியே கிடையாது. 19-ஆம் நூற்றாண்டுல வெள்ளைக்காரங்க கொண்டு வந்து விட்ட மான்கள் பெருகி, காட்டுல முளைக்கிற கன்றையெல்லாம் மேஞ்சு தீர்க்குது. அதனால மான் வேட்டை அங்க சட்டப்படியான, சாதாரண விஷயம். சைலன்சரும் அப்படித்தான், கடையில வாங்கலாம். நார்வேலயும் வேட்டைக்காரங்க சகஜமா மாட்டுறாங்க.

'சைலன்சர்'னு சொன்னதும் உங்களுக்கு ரெண்டு படம் ஓடும். ஒண்ணு, சினிமாவுல வில்லன் 'புஸ்'னு சுடுறது. இன்னொண்ணு, நம்ம பசங்க கழட்டி வீசுற பைக் சைலன்சர். ரெண்டாவதுதான் உண்மைக்குக் கிட்ட. ஹைரம் பெர்சி மாக்சிம்ங்கிற அமெரிக்கர் 1909-ல துப்பாக்கி சைலன்சருக்குப் பேட்டன்ட் வாங்கினார். பின்னாடி அவர் கம்பெனி இன்ஜின் சத்தத்தை அடக்குற சைலன்சருக்கே மாறிடுச்சு. அவரோட அப்பாதான் மெஷின் கன் கண்டுபிடிச்ச மாக்சிம். கடைசிக் காலத்துல அவருக்குக் காது சரியாக் கேட்காது. குடும்பத்துலயே காரணமும் மருந்தும் இருந்திருக்கு, பாருங்க.

கணக்கும் அதைத்தான் சொல்லுது. வேட்டை ரைஃபிள் ஒரு தடவை வெடிச்சா சுமார் 160-லிருந்து 170 டெசிபல். இந்த மாதிரி திடீர்ச் சத்தத்துக்கு பெரியவங்க காதோட எல்லைன்னு வச்சிருக்கிறது 140. நல்ல சைலன்சர் 25, 30 டெசிபல் குறைக்கும். குறைச்சும் அந்த எல்லையை ஒட்டித்தான் நிக்குது! குண்டு ஒலியை விட ரெண்டு மடங்குக்கு மேல வேகமாப் போறதால அந்த 'டமார்' வெடிப்பையும் யாரும் அடக்க முடியாது. ஆக இது ஊமையாக்குற கருவி இல்ல. உள்காதுல இருக்கிற மயிர்ச் செல்கள் மனுஷனுக்குச் செத்தா திரும்ப முளைக்காது, அதைக் கொஞ்சம் காப்பாத்துற கருவி. பேரு வச்ச விதம்தான் தப்பு.

சரி, குழலை எதுக்கு வெட்டணும்? சைலன்சர் நுனியில ஒரு சாண் நீளம் சேர்க்கும். அடர்ந்த காட்டுல 24 இஞ்ச் குழலோட அதுவும் சேர்ந்தா கொடியில மாட்டிக்கும், திரும்பவே முடியாது. அதனால 18 இஞ்சுக்கு வெட்டிடுவாங்க. வெட்டினா குறி தப்பும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. நம்ம ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல படிச்ச கான்டிலீவரை எடுத்துக்கோங்க. வளைவு நீளத்தோட மூணாம் அடுக்குல போகும். 18-ஐ 24-ஆல வகுத்தா முக்கால், அதோட கனம் 0.42. தோராயமா சொன்னா, அதே விசைக்கு வளைவு பாதிக்கும் கீழ. குழல் விறைப்பாகுது. போறது வேகம்தான்: .308 மாதிரி ரைஃபிள்ல இஞ்சுக்கு வினாடிக்கு 20, 30 அடி. நூறு மீட்டருக்குள்ள சுடுற காட்டுல அது பெரிய நஷ்டம் இல்ல. என்னைக் கேட்டா, காதுக்காகக் கொடுக்கக்கூடிய விலைதான்.

இப்போ நம்ம விஷயத்துக்கு வர்றேன். குழல்ல துளை போடுறது ரொம்ப ஆழமான ட்ரில்லிங். போகப் போக துளை மயிரிழையா ஒதுங்கும். வெளிப்பக்கத்தைக் கடைஞ்சு பளபளன்னு ஆக்கிடறதால அது கண்ணுக்குத் தெரியாது. நீங்க 6 இஞ்ச் வெட்டி எடுத்தா, இதுவரைக்கும் யாரும் பார்க்காத ஒரு குறுக்குவெட்டு வெளிய வரும். அங்க துளை வெளிவட்டத்துக்குச் சரியா நடுவுல இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல.

நம்ம மாதிரி மூணு ஜா சக்குல வெளிப்பக்கத்தைப் பிடிச்சு மரை வெட்டினா என்ன ஆகும்? மரை அழகா வரும். நட்டும் ஏறும். ஆனா மரையோட அச்சு ஒரு பக்கம், குண்டு போற அச்சு இன்னொரு பக்கம்.

ஒரு சின்னக் கணக்கு. சைலன்சர் 180 மி.மீ. நீளம்னு வைங்க. உள்ள இருக்கிற தடுப்புத் தகடுகளோட ஓட்டைக்கும் குண்டுக்கும் நடுவுல ஒரு பக்கத்துக்கு சுமார் அரை மி.மீ. இடைவெளி. மரை 0.2 டிகிரி சாய்ஞ்சிருந்தா கடைசித் தகடு 0.6 மி.மீ. விலகி நிக்கும். குண்டு தகடுல இடிக்கும். சைலன்சர் கிழியும், குண்டு எங்க போகும்னு யாருக்கும் தெரியாது, பக்கத்துல நிக்கிறவன் பாவம். அந்த 0.2 டிகிரி எங்கிருந்து வருது தெரியுமா? சைலன்சரை நேரா உட்கார வைக்கிறது மரை இல்ல. மரை இறுக்கி இழுக்கும், அவ்வளவுதான். நேரா நிறுத்துறது மரை முடியுற இடத்துல இருக்கிற ஷோல்டர். 18 மி.மீ. விட்டமுள்ள ஷோல்டர்ல 0.06 மி.மீ. கோணல் இருந்தாலே 0.2 டிகிரி வந்துடும். ஏறத்தாழ ஒரு தலைமுடி கனம். மரை கழண்ட கேஸுன்னு நம்ம ஊர்ல திட்டுவோமே, இங்க மரை கழலவே வேண்டாம், ஷோல்டர் லேசா சாய்ஞ்சா போதும்.

அதனால வேலை தெரிஞ்ச கன்ஸ்மித் முதல்ல வெளிப்பக்கத்தை நம்புறதை விட்டுடறார். நாலு ஜா சக்குல குழலைப் பிடிச்சு, டயல் இண்டிகேட்டரோட முள்ளைத் துளைக்குள்ளயே விட்டு, துளை அசையாம சுத்துற வரைக்கும் ஜாவைத் தட்டித் தட்டி நகர்த்துறார். துளை நடுவுக்கு வந்தா வெளிப்பக்கம் கோணலாச் சுத்துது, அதைப் பத்திக் கவலையே படல. நான் பார்த்த வீடியோவுல செட்டிங்குக்கு ஆன நேரத்துல கால்வாசிகூட மரை வெட்ட ஆகல. அதே செட்டிங்ல மரை, அதே செட்டிங்ல ஷோல்டர், குண்டு வெளிய வர்ற வாய் விளிம்பும் அதே செட்டிங்ல. அந்த விளிம்பு ஒரு பக்கம் பிசிறா இருந்தா வாயு ஒரு பக்கம் முந்தி வெளியேறி குண்டோட வாலைத் தள்ளிடும். கடைசியா நேரான ஒரு ராடைத் துளை வழியா விட்டு, சைலன்சரோட வாயில நடுவுல வருதான்னு பார்க்கிறார். அவரோட டெஸ்ட் அது.

நம்ம டெஸ்ட் நட்டு.

நான் லேப் அண்ணனைக் குறை சொல்லல. அறுபது பேருக்கு ஆறு லேத், மூணு மணி நேரம், அவர் வேற என்ன பண்ணுவார்? மெட்ராலஜி பேப்பர்ல 'டேட்டம்' வரையறை கேட்டா ரெண்டு மார்க்குக்கு எல்லாரும் எழுதிட்டோம். ஆனா லேத் முன்னாடி நிக்கும்போது 'இது எதைப் பொறுத்து நடுவுல இருக்கணும்?'னு நாலு வருஷத்துல ஒருத்தரும் என்னைக் கேட்கல, நானும் கேட்கல. ஜூனியர்ஸ், உங்க லேப்ல டயல் இண்டிகேட்டர் பீரோவுக்குள்ள டப்பாவோட தூங்குது. சாவி கேளுங்க. ரெக்கார்டுல நட்டு ஏறிச்சுன்னு எழுதுற இடத்துக்குக் கீழ ரன் அவுட் எவ்வளவுன்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. ஜாபுக்கு அஞ்சு நிமிஷம்தான் கூட ஆகும்.

போன வாரம் என் பேப்பர் வெயிட்டை எடுத்துட்டு லேப்புக்குப் போனேன். நாலு ஜா சக்குல மாட்டி, துளையை நடுவுக்குக் கொண்டு வர எனக்கு நாற்பது நிமிஷம் ஆச்சு. அப்புறம் டயலை மரைப் பக்கம் வச்சுச் சுத்தினேன். முள்ளு 0.35 மி.மீ. ஆடிச்சு. பின்னாடி நின்னு பார்த்துட்டிருந்த லேப் அண்ணன் பையிலிருந்து நட்டை எடுத்தார்.

"ஏறுதுல்ல தம்பி, அப்புறம் என்ன?"