குட்டி நாயின் பல் பட்டாலும்

விருத்தாசலத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கின்றார். பீங்கான் தொழிற்பேட்டையை அடுத்துக் குடியிருக்கும் குடும்பம். இரவில் சூளைகளின் கதகதப்பை நாடி வரும் தெருநாய் ஒன்று ஈன்ற குட்டியை அவருடைய மகன் வீட்டிற்குக் கொணர்ந்து வளர்க்கின்றான். விளையாடும்போது குட்டியின் பல் சிறுவனின் கையில் பதிந்து இரத்தம் கசிந்தது. பாட்டியார் சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் வைத்துக் கட்டிவிட்டாராம். "குட்டிக்கு மூன்று மாதங்கூட ஆகவில்லை, அதற்கு ஏது நஞ்சு? ஊசி அவசியந்தானா?" என்று வினவுகின்றார்.

அவசியமே. இவ்விதழ் அச்சேறும்வரை காத்திராமல் அன்றே அவருக்குத் தனியே எழுதிவிட்டோம். எனினும் இவ்வையம் பல இல்லங்களில் இருத்தல் கூடும்.

வெறிநோயின் கிருமி வயது பார்ப்பதில்லை. நோயுற்ற நாய் கடித்த குட்டியும் நோயுறும். உமிழ்நீர் வழியே காயத்தில் புகும் கிருமி, நரம்பின் வழியே மெல்ல மூளையை நோக்கி ஊர்கின்றது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியே நமக்குக் கிடைத்த தவணை. நோய்க்குறி தோன்றிவிட்டாலோ, பிழைப்பது அரிதினும் அரிது. ஆகவே சுண்ணாம்பு, மிளகாய், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுக. கடிகாரத்தைப் பார்த்தே கழுவுக. பின்னர் அரசு மருத்துவமனைக்குச் செல்க. அங்கு ஊசி இலவசம். இரத்தம் கசிந்த காயமாயின் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்துவர். நாயைப் பத்து நாள் கண்காணிப்பதும் நன்றே. ஆனால் பத்து நாள் கழியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடலாகாது.

ஊசிக்கு அஞ்சுவோரைக் குறை கூறுவதற்கில்லை. நீலகிரிக் குன்னூரில் 1907இல் தொடங்கப்பெற்ற பாஸ்டர் நிலையம், ஆட்டு மூளையிலிருந்து ஆக்கிய மருந்தை நெடுங்காலம் வழங்கி எண்ணற்றோரைக் காத்தது. ஆயினும் அதனை வயிற்றில் பதினான்கு நாள்வரை குத்த வேண்டியிருந்தது. சிலருக்கு நரம்புத் தளர்ச்சியும் உண்டாயிற்று. அம்மருந்து 2004ஆம் ஆண்டின் இறுதியோடு நம் நாட்டில் கைவிடப்பட்டது. இன்று கையில் போடும் சில ஊசிகளே போதும். பழைய அச்சம் மட்டும் இன்னும் திண்ணைகளில் உலவுகின்றது.

கடித்தபின் ஓடுவதினும், நாய்க்கே முன்கூட்டி ஊசி போடுவது மேல் என்பதைக் கோவா மாநிலம் மெய்ப்பித்துள்ளது. 2013 முதல் 2019 வரை அங்கு நடந்த பணியைப் பற்றிய ஆய்வு 2022இல் வெளியாயிற்று. தெருத்தெருவாகச் சென்று, கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டு, ஆண்டுக்கு 95,000க்கும் மேற்பட்ட நாய்களுக்கு ஊசி போட்டனர். ஊசி போட்ட நாயின்மீது வண்ணம் தீட்டி அடையாளமும் இட்டனர். நூற்றுக்கு எழுபது நாய்கள் காப்புப் பெற்றதும், நாய்களிடையே நோய் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு குறைந்தது. அந்த ஆய்வுக் காலத்தின் முடிவில் மனிதச் சாவு அற்றுப்போயிற்று. ஒரு நாயையும் கொன்று அடைந்த வெற்றியன்று இது. நஞ்சிட்டுக் கொல்வதே வழி என்று வாதிடும் அன்பர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

வீட்டு நாய்க்கு மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் மருத்துவர் கூறும் தவணையிலும் ஆண்டுதோறும் போட வேண்டும். அதற்கும் முன்பே, ஆறு அல்லது எட்டு வார வயதில், பார்வோ நோய்க்கான ஊசி உண்டு. 1978 அளவில் உலகெங்கும் தலைகாட்டிய அந்நோய் மனிதரைத் தீண்டாது. ஆனால் இரத்தக் கழிச்சலால் குட்டிகளை ஓரிரு நாளில் மாய்த்துவிடும்.

பூனையை நாம் மறந்தே போகின்றோம். அதன் கடியும் நாய்க்கடிக்கு ஒப்பானதே. அதற்கும் மூன்று மாத வயதில் வெறிநோய் ஊசி உண்டு. கால்நடை மருந்தகத்திற்குப் பூனையை மடியில் அணைத்துச் செல்லாமல், மூடியுள்ள கூடையில் வைத்து, மேலே துணியொன்றைப் போர்த்தி எடுத்துச் செல்லுங்கள், மிரண்டு பிறாண்டாது.