நம் பிள்ளைகள் மருந்தியல் படிக்கட்டும்!

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளிவரும்போதெல்லாம் தோட்டத்து வீடுகளில் எழும் கேள்வி ஒன்றே: பிள்ளையை எதற்குப் படிக்க வைப்பது? விடையும் பழகிப்போன விடைதான். டாக்டர், வக்கீல், என்ஜினியர். இவை கிட்டாவிடில் ஆசிரியர். இந்த நான்குக்கு அப்பால் படிப்பே இல்லை என்பதுபோல் நம்மவர் பலர் பேசுகின்றனர். ஆனால் பல்கலைக்கழகப் படிப்புகளில் 'பார்மக்காலஜி' என்று ஒன்றும் இருக்கிறது. தமிழில் அதை மருந்தியல் என்கிறோம். பாட்டாளி வீட்டுப் பிள்ளைகள் சிலராவது அதைப் படித்தாக வேண்டும் என்பது நம் கருத்து. அதேவேளையில், அது இன்னதென்று தெரியாமல் எவரும் அதில் காலை விட்டுவிடக் கூடாது என்பதும் நம் கருத்து. இரண்டையும் இங்கே எடுத்துரைக்கிறோம்.

முதலில் மருந்து என்ற சொல்லையே பாருங்கள். காய்ச்சலுக்கு விழுங்குவதையும் மருந்து என்கிறோம். புல்லுக்கு அடிப்பதையும் மருந்து என்கிறோம். 'மருந்தடிக்கப் போகிறேன்' என்று சொல்லித்தான் நம் சகோதரிகள் முதுகில் தோம்பைச் சுமந்து போகிறார்கள். பார்மக்காலஜி என்ற பெயருக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கும் மருந்து, விஷம் என இரு பொருளும் உண்டு. திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு மருந்து என்றே பெயர். கூடினாலும் குறைந்தாலும் கேடு என்ற கருத்தோடுதான் அது தொடங்குகிறது. ஆக, மருந்தும் விஷமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இரண்டையும் பிரிப்பது அளவு. அந்த அளவின் சாத்திரமே மருந்தியல்.

இப்படிப்பின் நடுவே இரண்டு கேள்விகள் நிற்கின்றன. மருந்து உடலை என்ன செய்கிறது? உடல் மருந்தை என்ன செய்கிறது? வேண்டிய இடத்தைச் சேர்ந்த மருந்து அங்கே எதைப் பற்றிக்கொண்டு வேலை செய்கிறது என்று ஆராய்வது முதற் கேள்வியின்பாற்படும். விழுங்கிய மாத்திரை குடலில் கரைந்து, இரத்தத்தில் கலந்து, வேண்டிய இடத்தை எப்படிச் சேர்கிறது, கல்லீரல் அதை எப்படி உடைக்கிறது, சிறுநீரகம் எப்படி வெளியேற்றுகிறது, எத்தனை மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது என்று கணக்கிடுவது இரண்டாம் கேள்வியின்பாற்படும். ஒரு மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை விழுங்கு என்றும், மற்றொன்றை ஒரே வேளை விழுங்கு என்றும் சொல்லும் காரணம் இந்தக் கணக்கிலேதான் இருக்கிறது.

இதெல்லாம் நமக்கு எட்டாத வித்தை என்று எண்ண வேண்டாம். பால்மரம் வெட்டுகிறவருக்கு இதன் சாரம் முன்பே தெரியும். பட்டையில் தடவும் எத்திபோன் மருந்து மரத்துக்குள் போய் எத்திலீன் என்னும் வாயுவாக மாறுகிறது. அதனால் பால் நெடுநேரம் நிற்காமல் வடிகிறது. பேராசைப்பட்டு அடிக்கடி தடவினால் மரம் வறண்டு, வெட்டினாலும் பால் வராமற் போகிறது. ஸ்டோரில் பாலை உறைய வைப்போரும் ஆசிட்டை அளந்தே ஊற்றுகின்றனர். குறைந்தால் பால் உறையாது, மிஞ்சினால் ரப்பர் கெடும். மரத்துக்கும் பாலுக்கும் உள்ள இந்த அளவுக் கணக்கை மனித உடலுக்குப் பார்ப்பதே மருந்தியல்.

இனி, பெற்றோர் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதிக்கு வருகிறோம். பார்மக்காலஜி வேறு, பார்மசி வேறு. பெயர் ஒலியில் ஏமாந்துவிடக் கூடாது. மருந்துக்கடையிலோ ஆஸ்பத்திரியிலோ மருந்தாளராக அமர வேண்டுமானால் பார்மசிப் பட்டம் வேண்டும். நம் நாட்டில் அது 4 ஆண்டுப் படிப்பு. அதன் பிறகு பயிற்சிக் காலமும் முடித்து, 1951ஆம் ஆண்டு மருந்தாளர் பதிவுச் சட்டத்தின்படி பெயரைப் பதிவு செய்ய வேண்டும். பார்மக்காலஜிப் பட்டம் எவ்வளவு சிறப்பாகத் தேறினாலும் அந்தப் பதிவுக்கு உரிமை தராது. நான்கு வருடக் கடனையும் தலையில் ஏற்றிக்கொண்ட பிறகு இதைத் தெரிந்துகொள்வதால் யாருக்கு என்ன பயன்?

அப்படியானால் பார்மக்காலஜி படித்தவர் எங்கே போவார்? புதிய மருந்து காணும் ஆய்வுக்கூடத்துக்குப் போவார். ஒரு மருந்து கடைக்கு வருமுன் நோயாளிகளிடம் முறைப்படி சோதிக்கும் பணிக்குப் போவார். அத்தகைய சோதனைகளை நம் நாட்டில் வளர்க்கவென்றே சுகாதார அமைச்சு 2012இல் 'கிளினிக்கல் ரிசர்ச் மலேசியா' என்னும் அமைப்பை நிறுவியது. நஞ்சு ஆய்வுக்கும், மருந்துக் கம்பெனிகளின் அறிவியற் பிரிவுகளுக்கும், ஆசிரியப் பணிக்கும் போகலாம். ஆய்வில் உயர்ந்த இடம் வேண்டுமானால் எம்.எஸ்சி., பி.எச்டி. என்று மேலும் படிக்க வேண்டியிருக்கும். பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் இதைத் தனிப் பட்டமாகவே அளிக்கின்றன. நம் நாட்டிலோ பெரும்பாலும் மருத்துவம், பார்மசி, உயிர்மருத்துவம் ஆகிய படிப்புகளுக்குள் ஒரு பாடமாகக் கற்று, மேற்படிப்பில் அதைச் சிறப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். தேறிய மறுநாளே கைநிறையச் சம்பளம் என்று நாம் ஆசை காட்டவில்லை. உள்ளதைச் சொல்கிறோம்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஏன் படிக்கச் சொல்கிறோம்? காரணம் இந்த மண்ணின் சரித்திரத்தில் இருக்கிறது.

கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1900இல் தோன்றியது. அந்நாளில் பெரிபெரி என்னும் நோய் கால்களை வீங்க வைத்தும் செயலறச் செய்தும் ஆயிரக்கணக்கான உழைப்பாளிகளைக் கொன்றுகொண்டிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழரை அது அவ்வளவாக அண்டவில்லை என்பதை டாக்டர் பிராடன் கவனித்தார். அக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் பிரேசரும் டாக்டர் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலான் காட்டில் ரோடு போட்ட சுமார் 300 ஜாவாத் தொழிலாளரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குத் தீட்டிய வெள்ளையரிசியும், மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தனர். வெள்ளையரிசிப் பிரிவிலேதான் நோய் வந்தது. 1909இல் வெளிவந்த அந்த முடிவு உலகத்துக்கே பயன்பட்டது.

மற்றொன்றும் கேளுங்கள். புதரும் லாலானும் மண்டிய இடங்களில் வேலை செய்வோரைப் பிடிக்கும் உண்ணிக் காய்ச்சலுக்குக் குளோரோமைசெட்டின் என்ற மருந்து பயன்படுமா என்று 1948இல் கோலாலம்பூரில் அமெரிக்க டாக்டர்களும் நம் ஆராய்ச்சிக் கழகத்தாரும் சேர்ந்து சோதித்தனர். உண்ணிக் காய்ச்சல் என்று கருதப்பட்ட சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு, அவர்களும் தேறினர். டைபாய்டைக் குணமாக்கும் மருந்து ஒன்று உண்டென்று உலகம் அறிந்தது இந்தக் கோலாலம்பூரிலிருந்துதான். அதே மருந்து அரிதாகச் சிலருக்கு எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து உயிருக்கே உலை வைக்கும் என்பதும் பின்னர் தெரிந்தது. ஒரே புட்டியில் உயிரும் இருந்தது, எமனும் இருந்தான்.

இவ்வாராய்ச்சிகளை நாம் இகழவில்லை. அவற்றால் பிழைத்தவர் கோடிக்கணக்கானோர். நாம் கேட்பது வேறு. அரிசி தின்றவர் யார்? பிரட்டுக் களத்தில் வரிசையாக நின்று கசப்புக் கொய்னாவைக் குடித்தவர் யார்? உழைக்கும் மக்கள். நோட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்தவர் யார்? வேறு யாரோ. உடலைத் தந்தவன் வீட்டில் அறிவு தங்கவில்லை. அந்த நோட்டுப் புத்தகம் இனியாவது நம் பிள்ளைகள் கைக்கும் வர வேண்டாமா?

பழைய கதை இது என்று தள்ளிவிடவும் முடியாது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை நினைத்துப் பாருங்கள். உள்ளே போனால் அது நுரையீரலில் போய்ச் சேர்ந்து, அதை இறுகிப்போகச் செய்கிறது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. மூச்சுத் திணறுகிறவருக்கு நாம் கொடுக்க நினைக்கும் ஆக்சிஜன்கூட அங்கே கேட்டை மிகுதியாக்கும். அந்த விஷத்தைப் படிப்படியாக ஒழிப்பதென்று நம் நாட்டில் 2002இல் முடிவாயிற்று. 2006இல் அது தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி 1ஆம் நாள்தான் தடை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இடையில் சென்றவை ஏறத்தாழ 18 ஆண்டுகள். அத்தனை ஆண்டும் தோம்பைச் சுமந்தவர்கள் நம் தோழியர்.

பூச்சிமருந்துகளில் மற்றோர் இனம் உடலில் நரம்பின் கட்டளையை அடக்கும் நொதியையே முடக்கிவிடுகிறது. கண்ணீர், எச்சில், வியர்வை கட்டுக்கடங்காமல் பெருகும், கண்பாவை சுருங்கும், மூச்சு அடைக்கும். அதற்குக் கொடுக்கும் அட்ரோபின் ஊமத்தைக் குடும்பத்துச் செடிகளில் உள்ள பொருள். நாம் விஷமென்று ஒதுக்கும் செடியின் சத்து இங்கே உயிர் காக்கிறது. மருந்தடிப்பவரின் இரத்தத்தைச் சோதித்து அந்த நொதி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால், ஆள் மயங்கி விழுமுன்பே ஆபத்தை அறியலாம். இதைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர்?

கிராணிகளாகிய நாம் ஸ்டோர் புத்தகத்தில் எத்தனை லிட்டர் வந்தது, எத்தனை லிட்டர் போனது என்று எழுதுகிறோம். போன லிட்டரில் எத்தனை துளி ஒரு பெண்ணின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போயிற்று என்று எழுத அதில் பத்தி இல்லை. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு வேண்டுமென்று 1994ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்காருகின்றனர். கேடு தரும் இரசாயனப் பொருள்களுக்கு 2000ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. நாற்காலி நமக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் நிர்வாகம் ஒரு நிபுணரின் அறிக்கையை மேசைமேல் வைக்கும்போது, அதைப் படித்து, 'இந்தக் கணக்கு தவறு' என்று சொல்ல நம் பக்கத்தில் ஒருவர் வேண்டும். மருந்தியலும் நஞ்சியலும் கற்ற நம் வீட்டுப் பிள்ளை அந்த ஒருவராக இருக்கலாம். அவர் காப்பது நம் இனத்தாரை மட்டுமன்று. இன்று நம் பக்கத்து நிரையில் நிற்கும் இந்தோனேசியரையும் வங்காளதேசத்தாரையும் சேர்த்துத்தான்.

தமிழ்ப் பள்ளியில் தொடங்கிய பிள்ளைக்கு இது முடியுமா என்று ஐயுறுவோர் உளர். இப்படிப்பின் சொற்களில் பாதி கிரேக்கமும் லத்தீனும். ஆங்கிலேயன் பிள்ளையும் அவற்றை மனனம் செய்துதான் ஆக வேண்டும். வேண்டுவது அடிப்படை. நான்காம் படிவத்தில் இரசாயனமும் உயிரியலும் கடினமென்று நழுவவிடும் பிள்ளைக்கு இந்த வாசல் அன்றே அடைபட்டுவிடுகிறது. கணிதமும் வேண்டும், அளவின் சாத்திரம் கணக்கில்லாமல் நடவாது. ஆகவே பதினேழு வயதில் அல்ல, பதினைந்து வயதில் யோசிக்க வேண்டிய செய்தி இது.

முடிவாக மூன்று வேண்டுகோள்கள். பெற்றோர்களே, பட்டத்தின் பெயரைக் கேட்டவுடன் கையெழுத்திடாதீர்கள். இது எந்தப் பதிவுக்கு உரிமை தரும், முன்பு படித்தவர் எங்கே வேலையில் இருக்கிறார், கடன் எவ்வளவு என்ற மூன்றையும் கேட்டுத் தெளிந்த பின் கையெழுத்திடுங்கள். கிளைத் தலைவர்களே, ஆண்டுக்கு ஒருமுறை நான்காம் படிவப் பிள்ளைகளை அழைத்து, டாக்டர், வக்கீலுக்கு அப்பாலுள்ள படிப்புகளை விளக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். தலைமைச் சங்கத்தாரே, உதவிச் சம்பளம் வழங்கும்போது தொழிலாளரின் உடல்நலத்தைக் காக்கும் அறிவியல் படிப்புகளுக்கென ஓரிடமேனும் ஒதுக்கி வையுங்கள்.

சம்பள உயர்வுக்குப் போராடி வந்தோம்; இன்னும் போராடுவோம். ஆனால் கூலியைக் கூட்டி வாங்கி, அதை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொட்டினால் மிஞ்சுவது என்ன? நம் உடலுக்குள் போவது எது, அது என்ன செய்யும் என்று அறிவதும் நம் உரிமைகளில் ஒன்று. அந்த உரிமையைக் காக்க நம் வீட்டிலிருந்தே படித்தவர்கள் புறப்படட்டும்!