மூழ்கியதைப் படமெடுத்தீர்கள், மீண்டதை யார் எடுப்பது?

கோவளம் முதல் நெம்மேலி வரையுள்ள குப்பத்து உறவுகளுக்கும், கேளம்பாக்கம், தையூர், படூர் ஊர்க்காரர்களுக்கும், இரண்டு சாலைகளையும் ஒட்டிப் புதிதாகக் குடிவந்திருக்கும் அடுக்குமாடிக் குடும்பங்களுக்கும், முட்டுக்காடு முகத்துவாரத்தை நம்பிப் பிழைக்கும் நாங்கள் எழுதுவது.

நம் கழிவெளியின் தலையெழுத்தை மாற்றப்போகும் வேலை ஒன்று வந்திருக்கிறது. 2025 மார்ச் 14 அன்று வாசிக்கப்பட்ட நிதிநிலை அறிக்கையில் சென்னையின் ஆறாவது நீர்த்தேக்கம் கோவளத்துக்கு அருகே அமையும் என்று அறிவித்தார்கள். 1.6 டிஎம்சி கொள்ளளவு, 3,010 ஏக்கர், 350 கோடி ரூபாய். பிறகு அதற்கு மாமல்லன் என்று பெயரும் வைத்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் நடுவே கரை எழுந்தால், மழைக்காலத் தண்ணீர் இதுவரை போன வழியில் போகாது. எந்த வழியில் போகும், யார் வாசலில் நிற்கும் என்பதே நம் கேள்வி.

அணை வேண்டுமா வேண்டாமா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. இறால் குஞ்சு ஏறிவரும் உப்புக்கழி நன்னீரானால் பிழைப்பு போய்விடும் என்கிறார்கள் வலைக்காரர்கள். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்து நொந்தவர்கள் வரட்டுமே என்கிறார்கள். அந்த வழக்கை இங்கே நடத்த வரவில்லை. எந்தப் பக்கம் நின்று பேசினாலும், "நீங்கள் சொல்வதற்கு என்ன ஆதாரம்?" என்று அதிகாரிகள் கேட்டால் நம் கையில் ஒன்றுமில்லை. மூன்று பெரிய வெள்ளத்திலிருந்து எழுந்துவந்த ஊர்கள் இவை. எழுந்துவந்த கதை பத்து நிமிடம்கூட ஒழுங்கான பதிவாக நம்மிடம் இல்லை.

படம் எடுக்க ஆளில்லை என்று சொல்ல முடியுமா? கரிக்காட்டுக்குப்பத்துக்குப் போய்ப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் புகுந்து அழித்த ஊர் அது. மக்கள் மேட்டுப் பக்கம் குடிபெயர்ந்தார்கள். இடிந்த வீடுகள் அப்படியே நின்றன. அந்தச் சுவர்களுக்குள் இன்று யார் போகிறார்கள்? ராத்திரியில் டார்ச்சும் கேமராவும் தூக்கிக்கொண்டு பேய் தேடுகிறவர்கள். "பேய் ஊர்" என்று யூடியூபில் போடுகிறார்கள். பார்வை குவிகிறது, காசும் வருகிறது. எங்கள் அக்கா தங்கைகள் சமைத்த அடுப்படியில் நின்றுகொண்டு, "இங்கே ஏதோ நடமாட்டம் தெரிகிறது" என்று நடுங்கிக் காட்டுகிறார்கள். அந்த வீட்டுக்காரர்கள் உயிரோடு, கூப்பிடு தூரத்தில், புதுக் குடியிருப்பில் இருக்கிறார்கள். "எப்படி மீண்டீர்கள்?" என்று அவர்கள் கதவைத் தட்டிக் கேட்ட கேமரா எத்தனை? பேய்க்கு இருக்கும் மரியாதை பிழைத்தவனுக்கு இல்லை.

மிக்ஜாம் புயல் வந்தபோதும் இதே கதைதான். 2023 டிசம்பரில் நெடுங்குன்றம் பக்கம் சாலையைக் கடந்த முதலையை நாடே பார்த்தது. இடுப்பளவுத் தண்ணீரில் மிதந்த கார்களைப் பார்த்தது. மாடியிலிருந்து கைநீட்டிச் சோற்றுப் பொட்டலம் வாங்கிய பெண்களின் முகத்தை அவர்களைக் கேட்காமலே எடுத்து, சோகப் பாட்டுச் சேர்த்து ரீல்ஸ் போட்டார்கள். 2015 வெள்ளத்தின் காட்சிகளைத் தூசு தட்டி "இன்று காலை" என்று அனுப்பியவர்களும் உண்டு. தண்ணீர் வடிந்ததும் கேமராக்களும் வடிந்தன.

உண்மையான வேலை தொடங்கியது அதற்குப் பிறகுதான். வீட்டுக்குள் புகுந்த சேற்றைக் காய்வதற்குள் வழிக்க வேண்டும்; காய்ந்தால் கடப்பாரை வேண்டும். கழிவுநீர்த் தொட்டி பொங்கிக் கலந்த கிணற்றை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, எப்போது குடிக்கலாம் என்று முடிவுசெய்ய வேண்டும். நனைந்த பட்டாவையும் ரேஷன் அட்டையையும் பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழையும் ஒட்டிக்கொள்ளாமல் பிரித்து உலர்த்த வேண்டும். தண்ணீர் ஏறிய படகு எஞ்சினை உடனே கழுவி எண்ணெய் மாற்றாவிட்டால் துரு தின்றுவிடும். மேலிருந்து அடித்துவரும் ஆகாயத்தாமரை வலையைக் கிழிக்கும். கழியில் உப்பு குறைந்து மீன் விலகிவிடும். மீண்டும் பாடு கிடைக்கும்வரை எதைத் தின்பது? மகளிர் குழுக் கடன் எந்த வீட்டைக் காப்பாற்றியது, கந்துவட்டி எந்த வீட்டை விழுங்கியது, அடகுபோன நகை எப்போது திரும்பியது? இவற்றில்தான் அடுத்த வெள்ளத்துக்கான பாடம் இருக்கிறது. இவற்றை எடுத்துவைக்க யாரும் வரவில்லை.

கழியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களின் நிலை இன்னும் மோசம். நிவாரணக் கணக்கு படகையும் வலையையும் எண்ணும். இரண்டு கையையும் நம்பிப் பிழைப்பவர்களிடம் எண்ணிக் காட்ட என்ன இருக்கிறது? வேலையில்லாமல் போன நாட்களை அவர்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்யாவிட்டால், இழப்பே இல்லை என்றாகிவிடும்.

சில எண்களை வரிசையாக வையுங்கள். 2004 ஆழிப்பேரலையில் தமிழ்நாடு இழந்தது ஏறத்தாழ 8,000 உயிர்கள். 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த ஆண்டு வெள்ளத்தைத் தணிக்கை செய்த இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை 289 உயிர்கள், 23.25 லட்சம் வீடுகள் என்று கணக்குச் சொன்னது. மனிதர்களால் வந்த பேரழிவு என்று தீர்ப்பும் சொன்னது. அது சட்டமன்றத்துக்கு வந்தது 2018 ஜூலையில். 2021 மழைக்குப் பிறகு வெள்ளத்தைத் தணிக்க வழி சொல்ல அமைத்த திருப்புகழ் குழு 2023 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் அடித்தபோதும் அந்த அறிக்கை மக்கள் கைக்கு வந்திருக்கவில்லை. மிக்ஜாமுக்குக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். நம் திருப்போரூர் வட்டத்தில் சில வருவாய் கிராமங்களோடு அதுவும் நின்றுபோனது.

இந்த எண்களெல்லாம் ஏன் முட்டுக்காட்டுக்கு? பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் வந்து சேர்வது 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் தண்ணீர். 65 நீர்நிலைகளின் வடிகால் அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பிறகு பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியில் நம் முகத்துவாரம். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்த சதுப்பில், 2022-ல் ராம்சர் சதுப்புநிலப் பட்டியலில் ஏறியது 1,247.54 ஹெக்டேர்தான். அங்கே தேங்க இடமில்லாத தண்ணீர் வேகமாக இங்கே வருகிறது. இங்கே மணல்திட்டு அடைத்திருந்தால் வேளச்சேரிவரை நிற்கும். திட்டு எந்த மாதம் வளரும், எந்தக் காற்றில் வாய் தானாகத் திறக்கும், எந்த இடத்தில் வெட்டினால் தண்ணீர் இழுக்கும் என்பது கழியில் ஐம்பது வருடம் கோல் ஊன்றியவர்களுக்குத் தெரியும். அந்தத் தலைமுறை ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறது. நாம் அஞ்சலிப் பேனர் அடிக்கிறோம்.

இதே கழிக்கரையில் 525 கோடி ரூபாயில் பன்னாட்டு மாநாட்டு மையம் அறிவித்தார்கள். அதற்குக் கணினியில் வரைந்த அழகான காணொளி வந்துவிட்டது. கட்டி முடிக்கும் முன்பே அந்தக் கட்டடத்துக்குக் காணொளி வந்தது. இருபது வருடம் வாழ்ந்து காட்டிய ஊருக்கு இல்லை.

வீடியோவால் என்ன ஆகப்போகிறது என்று அலட்சியமாகக் கேட்பவர்களுக்கு எண்ணூரைக் காட்டுகிறோம். மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் கறுத்தபோது, படகிலும் வலையிலும் பிசின்போல அப்பிய எண்ணெயை அங்குள்ள மீனவர்கள் தங்கள் கைபேசியில் எடுத்தார்கள். ஊர் பார்த்தது, செய்தியானது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. வாய்வார்த்தையாக மட்டும் சொல்லியிருந்தால் மறுத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

தூரத்து உதாரணமும் உண்டு. 1967-ல் கனடாவின் ஃபோகோ தீவு மீனவர்களை வேறிடத்துக்குக் குடிபெயர்க்க அரசு யோசித்தது. காலின் லோ என்ற இயக்குநர் அந்த மக்களையே பேசவைத்து இருபதுக்கும் மேற்பட்ட குறும்படங்கள் எடுத்தார். பேசியவர்கள் பார்த்துச் சம்மதித்த பிறகே அவை வெளியே போயின. அரசுத் தரப்பும் பார்த்துப் பதில் சொன்னது. தீவுக்காரர்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்து அங்கேயே நிலைத்தார்கள். 2011 மார்ச் 11 ஆழிப்பேரலைக்குப் பிறகு, ஜப்பானின் சென்டாய் நகரம் இரண்டு மாதம்கூடக் காத்திருக்கவில்லை. மே மாதமே, மக்கள் தாங்களே எடுத்து ஒப்படைக்கும் பதிவுகளுக்கென ஒரு மையத்தைத் திறந்தது. தெலங்கானாவின் பஸ்தாபூர் பக்கம் பள்ளிக்கூடம் பார்க்காத தலித் பெண்கள் இருபது வருடங்களுக்கு மேலாகக் கேமரா பிடித்துத் தங்கள் விவசாய அறிவைப் படமாக்குகிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் கையில் இன்று இருக்கும் கைபேசி அவர்கள் தொடங்கிய காலத்துக் கேமராவைவிட நல்ல கருவி.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது.

2004, 2015, 2023 வெள்ளங்களை எடுத்த காட்சி யாரிடம் இருந்தாலும் அசல் கோப்பைத் தாருங்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் தெளிவு குறைந்து, எடுத்த தேதியும் தொலைந்துபோகும். பென் டிரைவில் போட்டு உங்கள் ஊர் நூலகத்திலோ பள்ளித் தலைமையாசிரியரிடமோ கொடுங்கள். எந்த ஊர், எந்தத் தெரு, எந்த நாள், எடுத்தவர் யார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

வீட்டுப் பெரியவர்களைப் பேசவையுங்கள். ஊர், தேதி சொல்லித் தொடங்குங்கள். தண்ணீர் நின்ற அடையாளத்தைச் சுவரில் டேப் வைத்து அளந்து காட்டுங்கள். பின்னணி இசை வேண்டாம், வெட்டி ஒட்ட வேண்டாம். "எப்படி அழுதீர்கள்?" என்று கேட்காதீர்கள், "முதலில் என்ன செய்தீர்கள், கடன் யாரிடம் வாங்கினீர்கள், எது வீணானது, மறுபடி வந்தால் எதை வேறு மாதிரி செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பெண்களின் பேச்சைப் பெண்களே எடுக்கட்டும். ஆழிப்பேரலைக்குப் பின் வந்த 2005 மார்ச் 30 ஆணையை நம்பி, கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் வீடு வாங்கிக்கொண்டு பழைய மனையை அரசிடம் விட்டவர்கள், அன்று அதிகாரிகள் என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பதை அவசியம் சொல்லுங்கள். நாளைக்கு அந்தக் கரையில் யார் கட்டடம் எழுப்பினாலும் அந்தப் பேச்சு சாட்சியாக நிற்கும். பேசியவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது.

அக்டோபர் 2 கிராம சபையில் இந்தப் பதிவுகளைத் திரையிட்டு, நீர்த்தேக்கம் பற்றிய முடிவுகளில் இவற்றையும் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம் போடுவோம். வடகிழக்குப் பருவமழை அந்த மாதத்திலேயே இறங்கிவிடும். அதற்குப் பிறகு கூட்டம் போட்டுப் பயனில்லை.

அடுக்குமாடி நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2015-ல் கடலில் ஓட வேண்டிய படகுகளை லாரியில் ஏற்றிவந்து, தெருத்தெருவாகத் தள்ளி உங்களை இறக்கினார்கள் இந்தக் கரை மீனவர்கள். காம்பவுண்டுச் சுவரிலும் தார்ச்சாலையிலும் உரசி அடிப்பாகம் தேய்ந்த படகுகள் எத்தனை என்று யார் எண்ணினீர்கள்? 2018-ல் கேரளம் மீட்புக்கு வந்த படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் டீசலும் தருவதாக அறிவித்தது. இங்கே கைதட்டினார்கள். அந்தக் காட்சிகள் உங்கள் கைபேசியில்தான் இருக்கின்றன. எங்கள் ஆட்கள் இரண்டு கையாலும் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சிகளைத் தருவது உதவியல்ல, பாக்கி.

நம் இளைஞர்களுக்கும் சொல்கிறோம். பேய் வீடியோவுக்கு வழிகாட்டிக் கூலி வாங்குகிறவர்கள் நம் ஊரிலேயே இருந்தால், இன்றோடு நிறுத்துங்கள். டிரோன் ஓட்டத் தெரிந்த பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முகத்துவாரத்துக்குக் கொடுங்கள். மணல்திட்டு எங்கே நிற்கிறது என்பதை மாதம் ஒருமுறை எடுத்து வையுங்கள்.

அடுத்த வெள்ளத்திலும் எங்கள் படகு வரும். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் கேமராவோடு வருகிறவர், போன வெள்ளத்தின் பதிவைத் தந்தாரா என்று நாங்கள் கேட்ட பிறகே எங்கள் தெருவுக்குள் கால்வைப்பார். தராதவர் வேறு ஊர் பார்க்கட்டும். அக்டோபர் 2-க்கு முன் உங்கள் கையில் உள்ளதைக் கொண்டுவந்து கொடுங்கள்.

இப்படிக்கு,
முட்டுக்காடு முகத்துவாரக் கரை மக்கள்