காத்திருப்பது ஒரு தொழிலன்று

பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிகள் வெளியானதும் இடம் பெற்ற மாணவனைப் பாராட்டுவோர் பலர். இடமில்லையென்று தெளிவாக அறிந்தவனுக்கு ஆறுதல் கூறுவோரும் உளர். ஆனால், வெட்டுப்புள்ளிக்குச் சற்றே கீழே நின்று, "வெற்றிடம் நிரப்பும்போது கூப்பிடுவார்கள்" என்ற ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு மாதக்கணக்கில் வீட்டிலிருக்கும் பிள்ளையைப்பற்றி எவரும் பேசுவதில்லை. மேலைநாட்டுக் கல்லூரிகள் சில இத்தகையோருக்கெனக் காத்திருப்போர் பட்டியலொன்றை வைத்து, அதில் அவர் பெயர் இருப்பதை எழுத்தில் அறிவிக்கின்றன. நம் நாட்டிலோ அத்தகைய அறிவித்தல் எவர் கைக்கும் வருவதில்லை. தான் வரிசையில் எத்தனையாவது ஆள் என்பதை அறியாமலே நம் பிள்ளை காத்திருக்கிறான். அவனும் அவன் பெற்றோரும் செய்யவேண்டியது என்ன? அரசாங்கத்திடம் நாம் கேட்கவேண்டியது என்ன?

முதலில் நிலைமையை உள்ளவாறு அறிதல் வேண்டும். அண்மைய ஆண்டுகளில் க.பொ.த. உயர்தரப் பரீட்சையிற் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகைமை பெற்றோர் ஆண்டொன்றுக்கு 150,000க்கு மேற்பட்டோர். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தெரிவு செய்ததோ 40,000க்குச் சற்றுக் கூடுதலானோரையே. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் சனத்தொகைக்கேற்ப மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகின்றன. ஆகவே, நல்ல பெறுபேறு பெற்றும் வெளியே நிற்கும் பிள்ளை அறிவிற் குறைந்தவனல்லன், வாயில் குறுகியது.

இவ்வாயிலில் நம்மவர் பட்ட காயம் பழையது. 1971ஆம் ஆண்டு அனுமதியிற் பேராதனைப் பொறியியற் பீடத்திற்குச் சிங்கள மொழிமூல மாணவனுக்கு 227 புள்ளிகள் போதுமாயிருக்க, தமிழ் மொழிமூல மாணவன் 250 பெறவேண்டியதாயிற்று. அந்த அநீதியை நாம் மறந்தோமில்லை. இன்று மொழிவாரியான வெட்டுப்புள்ளி இல்லை. மாவட்டப் பங்கீட்டை யாழ்ப்பாணத்திற் குறைகூறுவோர் உளர். ஆயினும் அதே பங்கீடுதான் முல்லைத்தீவுக் கமக்காரனின் பிள்ளைக்கும், நுவரெலியாத் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கும் வழி திறந்தது என்பதையும் நாம் நேர்மையுடன் ஒப்புக்கொள்ளவேண்டும். பழைய காயம் நம்மிடம் ஒரு பழக்கத்தை விட்டுச் சென்றுள்ளது. டாக்டர், எஞ்சினியர் என்ற இரு கதவுகளைத் தவிர வேறு கதவே இல்லையென நம்பி, அவற்றின் முன்னே அமர்ந்துவிடுகின்றோம். இப்பழக்கம் களையப்படவேண்டும்.

இனிச் செய்யவேண்டியவற்றைக் கூறுவோம். முதற் சுற்றிற் பதிவு செய்யாதோரின் இடங்கள் கணக்கெடுக்கப்பட்டு, இசட் புள்ளி வரிசையில் அடுத்து நிற்போருக்கு வழங்கப்படுகின்றன. விண்ணப்பத்தில் மாணவன் குறித்த பாடநெறிகளுக்கே, அவன் குறித்த விருப்ப ஒழுங்கிலேயே இத்தெரிவு நடைபெறும். எனவே, குறிக்காத பாடநெறிக்கு அழைப்பு வருமென எதிர்பார்ப்பது வீண். தனக்குக் கிடைத்த இடம் விருப்பத்திற் கீழானதாயின், அதனைப் பதிவதா விடுவதா எனத் தீர்மானிக்குமுன் ஆணைக்குழுவின் கைந்நூலிற் பதிவு, விலகல், வெற்றிடம் ஆகியன பற்றிய பிரிவுகளை ஒருமுறைக்கு மும்முறை வாசித்தல் வேண்டும். ரியூட்டரி வாசலிற் கேட்ட கதையை நம்பித் தவணையைத் தவறவிட்டபின் எந்தப் பாராளுமன்ற உறுப்பினரின் கடிதமும் பயன்படாது.

அழைப்பு வரும்வரை வேறு வாயில்களைத் தட்டாதிருத்தல் பெரும் பிழை. தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் கோரும் வர்த்தமானி அறிவித்தல் எவருக்காகவும் காத்திராது. உயர் தொழில்நுட்பவியற் கல்வி நிறுவகம் கணக்கியல், பொறியியல், தகவல் தொழில்நுட்பம் முதலிய துறைகளில் உயர் தேசிய டிப்ளோமா வழங்குகின்றது. 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்திற் சட்டமும் பொறியியலும் பயிலலாம். அதற்கு யாழ்ப்பாணத்திலும் பிராந்திய நிலையம் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவகத்திற் கைத்தொழில் கற்றவன் எவர் முன்னும் தலைகுனியவேண்டியதில்லை. இவற்றில் ஒன்றிற் சேர்வதனாற் பல்கலைக்கழக அழைப்பை எதிர்பார்க்கும் உரிமை போய்விடுமா என்பதை அந்தந்த நிறுவனத்திடமே கேட்டறிந்து சேருதல் நன்று.

மீண்டும் பரீட்சைக்குத் தோற்றுவதா என்பது அடுத்த வினா. அனுமதிக்காக மூன்று தடவைகளுக்கு மேல் தோற்றவியலாது. முதன்முறை சிறிதளவே தவறியவன், எப்பாடத்தில் ஏன் தவறினான் என்பதை ஆசிரியருடன் ஆராய்ந்து, இரண்டாம் முறை முனைந்து தோற்றுவது நியாயமே. இருமுறையும் அதே இடத்தில் நின்றவனை, ஊராருக்குப் பதில் சொல்ல அஞ்சி, மூன்றாம் முறையும் வற்புறுத்துவது அவன் இளமையிலிருந்து ஓராண்டைப் பறிப்பதாகும்.

காத்திருக்கும் வீட்டைத் தேடித் தரகர்கள் வருவர் என்பதையும் எச்சரிக்க விரும்புகின்றோம். வெங்காயமும் புகையிலையும் விற்றுச் சேர்த்த பணத்தையும், பரம்பரைக் காணியின் உறுதியையும் நம்பித்தான் அவர்கள் வருகின்றனர். பிறநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர் சொல்லப்பட்டால், அதனை மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்துள்ளதா என முதலில் விசாரியுங்கள். மருத்துவமாயின் இலங்கை மருத்துவச் சபையின் அங்கீகாரம் வேண்டும். பட்டம் பெற்று வந்தபின் அச்சபையின் பரீட்சையிலும் சித்தியடையவேண்டும். இவ்விரண்டையும் எழுத்தில் அறியாமல் காணியை ஈடுவைக்காதீர்கள்.

இடம் பெற்றவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. வெளிநாடு செல்ல முடிவுசெய்தபின்னும் கிடைத்த இடத்தைக் கௌரவத்திற்காகப் பதிந்துவைத்து, சில வாரங்களிற் சொல்லாமற் போய்விடுவோர் நம்மிடையே உளர். அவ்வாறு வெறுமையாகும் ஆசனம் பெரும்பாலும் தம் மாவட்டத்தைச் சேர்ந்த இன்னொரு பிள்ளையின் ஆசனம் என்பதை அவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை. போகின்றவர் உரிய காலத்திற் சொல்லிப் போகட்டும்.

மானியங்கள் ஆணைக்குழுவிடம் நாம் கேட்பது சலுகையன்று. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எந்தப் பாடநெறியில், எந்த மாவட்டத்தில் எத்தனை இடங்கள் வெறுமையாயுள்ளன, இறுதியாக அழைக்கப்பட்டவரின் இசட் புள்ளி என்ன, அடுத்த சுற்று எந்நாளில் நடைபெறும் என்பவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நாளில் வெளியிடுமாறு கேட்கின்றோம். விரிவுரைகள் தொடங்கிப் பல வாரங்கள் சென்றபின் அழைக்கப்படும் மாணவன் பின்தங்கியே படிக்கத் தொடங்குகின்றான். கணக்கு ஆணைக்குழுவிடம் இருக்க, அதனைப் பிள்ளைகளுக்கு மறைப்பானேன்?

இவ்வேலையில் நம் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் பங்குகொள்ளவேண்டும். வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் வாரத்தில் ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும் படித்தவர் இருவர் மாலையில் அமர்ந்து, கைந்நூலை விளக்கி, விண்ணப்பத் தவணைகளைப் பலகையில் எழுதிவைப்பார்களாயின், கமக்காரனின் பிள்ளையும் உத்தியோகத்தரின் பிள்ளையும் அறிவதை அறிவான். அழைப்பு வந்தால் நல்லது, செல்லட்டும். வராவிடினும் அவன் அந்த ஆண்டை இழந்தவனாக இருத்தலாகாது. அதற்கான பொறுப்பு நம் எல்லோருடையதுமாகும்.