பெயருக்குக் கிறிஸ்தவர்

நல்லூர்ப் பக்கத்து முதியோர் ஒரு கதை சொல்வர். அந்நியர் ஆட்சிக் காலத்திலே விரதநாளில் வாழையிலையில் உண்டவர்கள், அவ்விலையை வெளியே எறியாது கூரைக்குள் செருகி மறைத்து விடுவார்களாம். வேலியோரம் இலை கிடந்தால், 'இவ்வீட்டார் இன்னுஞ் சைவரே' என்று அதிகாரிகள் கண்டுகொள்வார்களே என்ற அச்சந்தான். செவிவழிச் செய்தியே எனினும், இதன் பின்னணி சரித்திரம் அறிந்ததே.

ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டனர். ஞானஸ்நானம் பெறாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. தேவாலயத் தோம்பிலே விவாகம் பதியப்படாவிடில், பிள்ளைகளின் முதுச உரிமைக்கே இடையூறு. ஆதலால் ஊரே தலைகுனிந்து நீர் ஏற்றது. பள்ளிக்கூடத்திற் பிள்ளைகள் பத்துக் கற்பனைகளை மனனஞ் செய்தனர். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பது அவற்றுள் ஒன்று. அதனை ஒப்புவித்துவிட்டு வீடு திரும்பும் பிள்ளை கூரையிற் செருகிய இலையைப் பார்த்திருக்கும் அல்லவா?

இந்நிலையை முதலில் எழுத்தில் வைத்தவர்களுள் ஒருவர் ஒல்லாந்தப் போதகராகிய பல்தேயுவே. 1672இல் வெளிவந்த தமது நூலில், இங்குள்ளோர் பலர் பெயரளவிலேயே கிறிஸ்தவர் என்று அவர் ஒளியாது ஒப்புக்கொண்டார். ஆங்கிலேயர் வந்தபோது யாழ்ப்பாணத்தில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் கணக்கில் இருந்தனர். வற்புறுத்தல் நீங்கியதும் சில ஆண்டுகளுள் அக்கணக்குக் கரைந்தது.

இதைச் சொல்லி மகிழும் நம்மவர் உளர். நாமும் சைவரே, ஆயினும் எமக்கு அம்மகிழ்ச்சி வருவதில்லை. உத்தியோகத்தர் மேசைக்கு முன்னே சொல்லும் பொய் பொய்யன்று என்னும் பாடத்தை நம் முன்னோர் அந்த நூற்று முப்பத்தேழு ஆண்டுகளிலே நன்றாகப் படித்துவிட்டனர். படிப்பித்தவர் போய்விட்டனர், பாடம் போகவில்லை.

பின்வந்த மிஷனரிமார் சிலர் இந்நோயை உணர்ந்தனர். அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி மிகப் பெயர் பெற்றது. ஆனால் மாணவர் பலர் ஆங்கிலத்தையும் உத்தியோகத்தையும் நாடியே வருகின்றனர் என்று கண்டு, 1855இல் அதனைத் தாமே மூடினர். அக்கலாசாலை மூடப்பட்டது நாட்டுக்கு நட்டமே என்பது எம் கருத்து. ஆயினும் பொய்க் கணக்கோடு புகழ் பெறுவதினும் மூடுவது மேல் என்று எண்ணிய துணிவை மதிக்கிறோம்.

இதனினும் இனியது நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலரின் செய்தி. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார் தமது பாடசாலையில் அவரை ஆசிரியராக வைத்திருந்தார். விவிலியத்தைத் தமிழாக்குவதற்கும் அவர் துணையையே நாடினார். நாவலரோ சைவராகவே இருந்து அப்பணியைச் செய்தார். மதம் மாறினால்தான் சம்பளம் என்று பாதிரியார் சொல்லவில்லை. சம்பளத்துக்காக மாறியவர்போல் நாவலர் நடிக்கவுமில்லை. 1848இல் நாவலர் விலகித் தம் சமயப் பணியில் இறங்கினார். 1850இல் அம்மொழிபெயர்ப்புச் சென்னையில் அச்சேறியது. எதிரெதிர்க் கொள்கையினர் இருவர் ஒரே மேசையில் இருந்து, ஒருவரை ஒருவர் ஏமாற்றாது ஒரு நூலை முடித்தமை நம்மூரில் நடந்ததுதான்.

சென்ற ஆண்டு உறவினர் ஒருவர் தம் மகளை முதலாம் வகுப்பிற் சேர்க்க விரும்பினார். பாடசாலை எம் வீட்டுக்கு அண்மையில். அவர் வீடோ ஆறு மைலுக்கு அப்பால். தாம் எம் வீட்டிலே வசிப்பதாக ஒரு கடிதம் தரும்படி கேட்டார். மறுத்தோம் என்று எழுத ஆசைதான். ஆனால் கையொப்பமிட்டோம்.

நேர்முகத்துக்கு முதல்நாள் பிள்ளையை அழைத்து வந்தார். "மாமாவுக்குச் சொல்லிக் காட்டு, பிள்ளை" என்றார். அக்குழந்தை கைகட்டி நின்று, எம் வீட்டு இலக்கத்தையும் ஒழுங்கையின் பெயரையும் ஓரெழுத்துப் பிழையின்றி ஒப்புவித்தது. முடித்ததும் தகப்பனாரைப் பார்த்து, "அப்ப எங்கடை வீட்டை என்னெண்டு சொல்லுறது, அப்பா?" என்று கேட்டது.