தூர் வாராத நகரம்

ஆங்கிலத்தில் ஃபாண்டஸி என்று வழங்கப்படும் மாயப் புனைகதைகளில் திரும்பத் திரும்ப ஒரே நகரம் கட்டப்பட்டு வருகிறது. சுற்றிலும் வெண்கல் மதில். மதிலுக்குள் தெளிந்த நீரோடும் கால்வாய்கள், அவற்றின் மேல் நூலிழைபோல் மெலிந்த பாலங்கள், அன்னத்தின் கழுத்துக் கொண்ட படகுகள். குடியிருப்பவர்கள் எல்ஃபுகள்: மூப்பும் சாவும் அண்டாத, பாட்டும் வில்லும் கைவந்த, மனிதனைவிட உயர்ந்தும் அழகாயும் நிற்கிற ஓர் இனம். நகரம் எத்தனையோ ஆயிரம் வருஷம் பழையது என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள். நாவலாசிரியன் மாறுகிறான், நகரத்தின் பெயர் மாறுகிறது, வரைபடத்தில் நதி வேறு பக்கம் திரும்புகிறது. நகரம் மட்டும் அதேதான். இந்த நகரத்தின் மீது எனக்குள்ள புகார் ஒன்றே ஒன்று. அதன் கால்வாய்களில் யாரும் தூர் வாருவதில்லை.

பகலெல்லாம் வங்கியில் பற்று வரவு பார்க்கிறவன் கந்தர்வ நகரத்திலும் போய்ப் பேரேட்டைத் தேடுகிறான் என்று ஒரு நண்பர் சொன்னார். சொல்லட்டும். கற்பனை கணக்குக்கு விரோதி, கேள்வி கேட்டால் மாயை கலைந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே ரசனையின் பெயரால் உலவுகிறது. இந்த வகை எழுத்தின் ஆசானே இதை ஒப்புக்கொண்டவரில்லை. ஜே.ஆர்.ஆர். டோல்கீன் 1939-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகள் குறித்து ஆற்றிய சொற்பொழிவில், புனைந்த உலகத்துக்குத் தனக்குள் முரண்படாத ஒரு நிஜத்தன்மை வேண்டும் என்கிறார். பச்சைச் சூரியன் என்று சொல்லிவிடுவது சுலபம். அது எரிவது இயல்பென்று நாம் நம்பக்கூடிய உலகத்தைச் சிருஷ்டிப்பதே கலை என்பது அவர் வாதம். நான் கேட்பதும் அவர் வகுத்த விதிப்படிதான். ஓடுகிற நீர் வண்டலைக் கொண்டுவரும். தேங்குகிற நீர் நாறும். நீர் நீராக இருக்கும் உலகத்தில் கால்வாய் என்று எழுதிவிட்டால் சேறு என்றும் எழுதியாக வேண்டும்.

மதிலும் கால்வாயும் சேர்ந்த புராதன நகரம் வெறும் மனக்கோட்டை அல்ல. சீனத்தில் யாங்ட்ஸிக்குத் தெற்கே உள்ள சூஜோ, கி.மு. 514-ல் வூ நாட்டு அரசன் ஹெலூவுக்காக நிறுவப்பட்டது என்பது மரபு. 1229-ல் கல்லில் செதுக்கப்பட்ட அந்நகரின் வரைபடம் இன்றும் அங்கே இருக்கிறது. தெருக்களும் கால்வாய்களும் அதில் கட்டம் கட்டமாக இணைந்து ஓடுகின்றன. முந்நூறுக்கு மேற்பட்ட பாலங்கள். மதில் நீரைச் சந்திக்கும் இடத்தில் என்ன செய்தார்கள் என்பதற்குப் பான்மென் வாசல் சாட்சி. தரைவழிக்கு ஒரு வாசல், அதை ஒட்டியே நீர்வழிக்கு ஒரு வாசல். நீர்வாசலில் மேலிருந்து இறக்கும் கதவு. எதிரியையும் வெள்ளத்தையும் தடுக்க வேண்டும், சரக்குப் படகை மட்டும் உள்ளே விட வேண்டும். மதிலும் நீரும் ஒன்றையொன்று பொறுத்துக்கொள்ள மனிதன் எழுதிய ஒப்பந்தம் அந்த வாசல். அதில் ஒரு நகரத்தின் பயமும் பசியும் சேர்ந்து தெரிகின்றன. 1601-ல் இதே சூஜோவில், பேரரசன் அனுப்பிய அரவாணி அதிகாரி விதித்த வரியை எதிர்த்துப் பட்டு நெசவாளிகள் கிளர்ந்தெழுந்தார்கள். எல்ஃபு நகரத்திலும் எல்லோரும் பட்டுதான் உடுத்துகிறார்கள். தறிச்சத்தம் மட்டும் கேட்பதில்லை.

சூஜோவில் ஆறாயிரம் கற்பாலங்கள் இருந்ததாக மார்க்கோ போலோ எழுதினான். அது மிகை. ஆனால் கணக்கில் பொய் சொன்னாலும் அவன் கணக்குச் சொன்னான், ஏனென்றால் அவன் வெனிஸ்காரன். பாலம் என்றால் கல்லும் கூலியும் என்று தெரிந்தவன். அவனுடைய ஊருக்கு மதில் கிடையாது. சுற்றியிருந்த காயல்தான் மதில். பொது நீருக்குத் தீங்கு செய்பவன் நகர மதிலை இடித்தவனுக்குச் சமம், தேசத் துரோகி என்கிற அளவுக்கு அந்தக் குடியரசு கறாராக இருந்தது. நீர்க் காரியங்களுக்கென்றே 1501-ல் நிரந்தரமான ஓர் அதிகாரக் குழுவை அமைத்தார்கள். வண்டல் கொண்டுவந்து காயலைத் தூர்க்கிறதென்று பிரெந்தா போன்ற நதிகளையே தலைமுறை தலைமுறையாக வெட்டி வேறு பக்கம் திருப்பினார்கள். கால்வாயின் இரு முனையையும் அடைத்து, நீரை இறைத்து, சேற்றை வாரிக் கொட்டினார்கள். சுற்றிலும் தண்ணீர், குடிக்கத் தண்ணீரில்லை. மழைநீரை மணலில் வடித்துச் சதுக்கங்களின் அடியில் தேக்கி, 1884-ல் நிலப்பகுதியிலிருந்து குழாய் வரும்வரை, வாளியில் சேந்திக் குடித்தார்கள். வெனிஸின் அழகு என்று நாம் சொல்வது இந்த ஓயாத நச்சரிப்பின் மேற்பரப்பு. அதை உரித்தெடுத்து, நாற்றத்தை நீக்கி, வரியை நீக்கி, படகோட்டியின் கைக்காய்ப்பை நீக்கி, மீதியை மரணமற்றவர்களுக்குக் குடக்கூலி இல்லாமல் கொடுத்தால் கிடைப்பது மாயக்கதையின் கால்வாய் நகரம்.

டோல்கீனைத் தூக்கியெறிய நான் வரவில்லை. மைக்கேல் மூர்காக் 1978-ல் எழுதிய 'எபிக் பூ' என்ற கட்டுரையில், டோல்கீன் நடுத்தர வர்க்கத்துக்குத் தாலாட்டுப் பாடுகிறார் என்று அடித்தார். அடி பாதிதான் சரியான இடத்தில் விழுந்தது. டோல்கீனின் எல்ஃபு நகரங்களைக் கவனமாகப் படித்தால், அவருக்கே அவற்றின் மீது ஆழ்ந்த சந்தேகம் இருந்தது தெரியும். 1954-ல் வெளிவந்த நாவலில் வரும் காரஸ் கலதோனுக்குப் பச்சை மதிலும் ஆழ்ந்த அகழியும் உண்டு. அந்த வனத்தின் வாடாத தன்மை ஒரு மோதிரத்தின் சக்தியால் பிடித்து நிறுத்தப்பட்டது, மோதிரத்தின் சக்தி போனால் வனமும் போகும். அதே வருஷம் செப்டம்பரில் நாவலாசிரியை நவோமி மிச்சிசனுக்கு எழுதிய கடிதத்தில், பொருளாதாரம் தனக்குத் தெரியாத விஷயமல்ல என்று டோல்கீன் வாதாடுகிறார். ஆனால் அங்கே ஒரு வரம்பு கட்டுகிறார். மனிதர், குள்ளர், ஹாபிட்டுகள் என்று சாகிறவர்களைப் பொறுத்தவரை எல்லாம் பொருந்தும் என்கிறார். சாகாதவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. அதே கடிதத்தில், எல்ஃபுகள் மாறுதலை நிறுத்திவைக்க விரும்பியவர்கள், ஒருவகையில் பிணத்தைப் பதப்படுத்துகிறவர்கள் என்றும் சொல்லிவிடுகிறார். சிருஷ்டிகர்த்தாவே தந்த வாக்குமூலம் இது.

கோண்டோலின் கதை இதைவிடக் கூர்மையானது. 1916-ல் சோம் போர்முனையிலிருந்து காய்ச்சலோடு திரும்பிய இளம் அதிகாரி, உடம்பு தேறிவந்த நாட்களில் எழுதத் தொடங்கிய கதை. அவர் இறந்தபின் 1977-ல் வந்த 'சில்மரில்லியன்' நூலில் அதன் சுருக்கமான வடிவம் இருக்கிறது. மலைகள் சூழ்ந்த ரகசியச் சமவெளியில், இழந்த தாய்நகரின் நகலாக, டூர்கோன் அரசன் 52 வருஷத்தில் கட்டிய வெண்ணகரம். அதன் ஊற்றுகள் புகழ்பெற்றவை. அழிந்துபோன இரு ஒளிமரங்களின் ஞாபகமாகப் பொன்னிலும் வெள்ளியிலும் மரங்கள் செய்து வைக்கிறான் அரசன். இலை உதிராத மரம், அதனால் துளிர்க்கவும் செய்யாத மரம். உள்ளே வந்தவன் வெளியேறக் கூடாது என்பது சட்டம். இந்த நகரத்தைக் கைவிட்டுக் கடலை நோக்கிப் போ என்று தூதனை அனுப்பி எச்சரிப்பது யார்? நீர்களின் அதிபதியான உல்மோ. நீரே வந்து சொல்கிறது, மதில் கேட்க மறுக்கிறது. தான் கட்டியதன் மீதுள்ள மோகத்தால் டூர்கோன் வாசலை அடைத்துக்கொள்கிறான், அழிகிறான்.

அதே கதையில் இன்னொன்று என்னை விடாமல் உறுத்துகிறது. நகரத்தைக் காட்டிக்கொடுக்கும் மைக்லின், சுரங்கமும் உலோகமும் தேடுவதில் பித்துக் கொண்டவன். மலைக்கு அப்பால் உலோகம் தேடிப் போன இடத்தில்தான் பகைவரிடம் அகப்படுகிறான். மற்றவர்கள் பாடுகிறார்கள், ஆள்கிறார்கள், போரிடுகிறார்கள். கச்சாப்பொருளுக்காகக் கல்லை உடைக்கப் போகிறவன் துரோகியாகிறான். இது டோல்கீன் தெரிந்து வைத்ததா, தன்னையறியாமல் விழுந்ததா என்ற விசாரம் எனக்கு வேண்டாம். வெண்ணகரத்துக்கு ஆபத்து உழைப்பு நுழையும் கதவு வழியாக வருகிறது என்று அந்தப் பிரதி தன் வாயாலேயே சொல்கிறது.

பின்னால் வந்த வாரிசுகள் இந்தத் தீர்ப்பை விட்டுவிட்டுக் கட்டடத்தை மட்டும் சுவீகரித்துக்கொண்டார்கள். 1974-ல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டு வெளிவந்ததன் பிறகு, மாய உலகங்கள் வழிகாட்டி நூல்களாகவும் அட்டவணைகளாகவும் பெருகின. இத்தனை வாசல், இத்தனை காவலர், இத்தனை ஆயிரம் வருஷப் பழமை. இந்தப் பழமை என்ற சொல்லில்தான் மோசடி முழுவதும் அடங்கியிருக்கிறது. படிக்கல் தேய்ந்திருப்பதைப் பார்த்துப் பழையது என்கிறோம், தேய்த்த கால்கள் மண்ணாகிவிட்டன என்பதனால். பாட்டன் வெட்டியதைப் பேரன் தூர் வாரும்போது கால்வாய் பழையதாகிறது. வெட்டியவனே சாகாமல், மூக்கும் முழியும் மாறாமல், அதன் கரையில் உட்கார்ந்து யாழ் மீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கால்வாய்க்கு வயதேது? அங்கே ஓடியது காலம் அல்ல, காலண்டர். பழமையின் மதிப்பை நம்மிடமிருந்து கடன் வாங்கி, அதற்கு நாம் கட்டும் வட்டியான சாவை மட்டும் கட்டாமல் ஏய்க்கிறது இந்த நகரம்.

ஏதோ பொழுதுபோக்குக் கதை, இதற்கு இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். கதைகளில் பழகிய கண் வெளியிலும் அதையே தேடுகிறது என்பதால்தான் கோபம். 1999-ல் லாஸ் வேகஸிலும் 2007-ல் மக்காவிலும் வெனிஸின் பெயரால் சூதாட்ட விடுதிகள் திறந்தார்கள். உள்ளே கால்வாய், படகு, பாட்டுப் பாடும் படகோட்டி, மேலே என்றும் மங்காத வர்ணம் பூசிய வானம். தூர் வாரத் தேவையில்லாத கால்வாய் கடைசியில் கிடைத்தேவிட்டது. அசல் வெனிஸில் 1951-ல் சுமார் 1,75,000 பேர் வசித்தார்கள். 2022-ல் பழைய நகரத்தின் குடித்தொகை 50,000-க்குக் கீழே போய்விட்டது. 2024 ஏப்ரல் 25 முதல் சில குறிப்பிட்ட நாட்களில், பகலில் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள். ஆயிரம் வருஷம் மதிலில்லாமல் இருந்த ஊருக்கு டிக்கெட்டால் ஒரு மதில். உள்ளே வாழ்கிறவர்கள் குறையக் குறைய, பார்க்கிறவர்களுக்கு அது மேலும் மேலும் கனவுபோல் தெரிகிறது. வேலை செய்கிறவன் பார்வையில் படாதவரை ஒரு நகரம் அழகு என்று கற்றுக்கொண்ட ரசனைக்கு, வேலை செய்கிறவன் போயே போய்விட்டால்கூடக் குறையொன்றும் தெரியாது.

இந்தச் சமயத்தில் முற்போக்குத் தோழர்கள் சிலர் எனக்குக் கை கொடுக்க வருவார்கள்: அதனால்தான் சொல்கிறோம், இதெல்லாம் தப்பியோடும் இலக்கியம், ஒதுக்கிவிடுங்கள் என்று. அந்தக் கை எனக்கு வேண்டாம். சிறைப்பட்டவன் தப்புவதையும் படைவீரன் ஓடிப்போவதையும் ஒன்றாக்காதீர்கள் என்று டோல்கீன் அந்தச் சொற்பொழிவிலேயே பதில் சொல்லிவிட்டார், அந்தப் பதில் எனக்குப் போதும். என் ஆட்சேபம் இவர்கள் அதிகமாகக் கற்பனை செய்கிறார்கள் என்பதல்ல, மதிலோடு கற்பனையை நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது. நிறுத்தாதவர்களும் உண்டு. எல்ஃபுகளுக்கு நெருங்கிய உறவான ஓர் இனத்துக்கு மூர்காக் கட்டிய இம்ரிர் நகரத்தின் துறைமுகத்தை நீர்ச்சுழல் வழிகளின் புதிர் காக்கிறது. அதன் கனவுகளை அடிமைகள் சுமக்கிறார்கள், அதை அவர் மறைக்கவில்லை. மைக்கேல் ஸ்வான்விக் 1993-ல் எழுதிய நாவலில் மாய உலகத்துக்கே ஒரு தொழிற்சாலை இருக்கிறது, அதில் திருடிக் கொண்டுவந்த குழந்தைகள் வேலை செய்கிறார்கள். மாயம் இதனால் கலைந்துவிடவில்லை. பயங்கரமாக அடர்ந்தது.

எனக்கு ஒரே ஒரு காட்சி போதும். எல்ஃபு நகரத்துக் கால்வாயை இரு முனையிலும் அடைத்து நீரை இறைத்திருக்கிறார்கள். மார்பளவு சேற்றில் ஒரு எல்ஃப் நிற்கிறான், கூடையைத் தலைக்குமேல் தூக்குகிறான். மனிதனுக்கு இந்த வேலை ஓர் ஆயுள், அதன்பின் மகனிடம் போகும். இவனுக்குச் சாவில்லை. அதனால் இவன் வேலைக்கும் முடிவில்லை. மதில் கட்டிய நாளிலிருந்து இவனேதான் வாருகிறான், உலகம் முடியும்வரை இவனேதான் வாரவேண்டும். மேலே பாலத்தில் சாகாத கவி ஒருவன் நகரத்தின் தூய்மையைப் பாடிக்கொண்டு போகிறான். அவனுக்கும் இவனுக்கும் வயது ஒன்றுதான். இந்த இருவரையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதத் துணிகிறவன் வரட்டும். அதுவரை அந்த வெண்மதில் எந்த எதிரிக்காகக் கட்டப்பட்டது என்று நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.