போதையில் விழுந்தவரைப் பள்ளிவாசல் கைவிடலாமா?

கரவெட்டியில் நான் கற்பிக்கும் பாடசாலைக்கு ஒரு தாய் வந்தார். மகன் இரண்டு கிழமையாக வகுப்புக்கு வரவில்லை. முதலில் காய்ச்சல் என்றார். பிள்ளைகள் வெளியே போன பிறகுதான், "சேர், அவன் ஐஸ் பாவிக்கிறான். பொலிஸுக்குத் தெரியாமல் எங்கே கொண்டுபோய்க் காட்டலாம்?" என்று கேட்டார். சில மாதங்களின் பின் யாழ்ப்பாணத்தில் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு வாப்பா அதே கேள்வியைக் கேட்டார். ஒரு சொல்தான் வித்தியாசம்: "ஜமாஅத்துக்குத் தெரியாமல்."

அந்த இரண்டு அச்சங்களும்தான் இன்று வடக்கில் சிகிச்சைக்கு முதல் தடை.

பொலிஸ் பற்றிய அச்சம் காரணமில்லாமல் வரவில்லை. 2022 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 5 கிராமும் அதற்கு மேலும் ஐஸ் வைத்திருப்பவருக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்க வழி செய்தது. 2023 டிசம்பரில் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியது. அதன் கைது முறைகளை ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் அடுத்த மாதமே கண்டித்தார்கள். 2025 ஒக்டோபர் 30 இல் 'முழு நாடுமே ஒன்றாக' என்ற தேசிய வேலைத்திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. வியாபாரிகளை முறியடிக்க இவை தேவைதான். ஆனால் 2022 ஜூனில் கந்தக்காடு நிலையத்திலிருந்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடிய செய்தியைப் பார்த்த பெற்றோருக்குப் 'புனர்வாழ்வு' என்ற சொல்லும் சிறை போலவே கேட்கிறது. ஆகவே பிள்ளையை மறைக்கிறார்கள். சிலர் அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள்.

பூட்டி வைப்பது சிகிச்சை அல்ல. நீண்டகாலம் அதிகமாகக் குடித்தவர் மதுவைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஹெரோயினை விட்டவருக்கு வரும் உடல்வலி, வாந்தி, தூக்கமின்மை என்பவற்றை மருந்தால் தணிக்கலாம். ஆனால் சில வாரம் விட்டிருந்தவர் மீண்டும் பழைய அளவை எடுத்தால் உடல் தாங்காது. பல மரணங்கள் அப்படித்தான் நிகழ்கின்றன. ஐஸை விட்டவருக்குக் கடும் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வரலாம். ஐஸுக்கு மாற்று மருந்து கிடையாது; தொடர்ச்சியான உளவளத்துணைதான் வழி.

இதற்குக் கொழும்பு வரை ஓட வேண்டியதில்லை. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் பழைய வதிவிட நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ என்று தூர இடங்களில் இருப்பது உண்மை. ஆனால் முதல் கதவு அருகிலேயே இருக்கிறது. வடமராட்சி மக்களுக்கு மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவு. யாழ் நகரத்தவருக்குப் போதனா வைத்தியசாலை. வலிகாமத்தவருக்குத் தெல்லிப்பழை. சபையின் 1927, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 ஆகிய இலக்கங்களுக்கும் அழைக்கலாம். பாவிப்பவர் வர மறுத்தால் தாயோ மனைவியோ தனியாகப் போய் ஆலோசனை கேட்கலாம். அதுவும் சிகிச்சையின் ஆரம்பமே.

ஜமாஅத் பற்றிய அச்சத்துக்கு நாம்தான் பொறுப்பு. ஒரு பிள்ளை பாவித்தால் அவனது தங்கையின் திருமணப் பேச்சு நிற்கிறது. மனைவி நகையை அடகு வைத்துக் கடன் அடைக்கிறாள். கேட்டால் வியாபார நட்டம் என்கிறாள். பிள்ளைகளின் படிப்பு குழம்புகிறது. குடும்பம் செய்யாத குற்றத்துக்கு ஊர் தண்டனை கொடுக்கிறது.

போதையை சூரா அல்மாயிதாவின் 90 ஆவது வசனம் முற்றாகத் தடுத்துவிட்டது. அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அந்தத் தடை ஒரே நாளில் வராமல் படிப்படியாக வந்ததையும் நாம் ஓதியிருக்கிறோம். குடித்ததற்காகத் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்ட ஒருவரைச் சபித்தவரை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாகவும், அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்று சொன்னதாகவும் புகாரியில் வருகிறது. தண்டனை இருந்தது, ஆனால் அவரை ஜமாஅத்திலிருந்து வெட்டி எறியவில்லை.

கோலாலம்பூரில் ஒரு பள்ளிவாசல் இதைச் செயலிலும் காட்டியது. மலாயாப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, ஹெரோயினுக்கு அடிமையானவர்களுக்கு மெதடோன் சிகிச்சையையும் மார்க்க வழிகாட்டலையும் அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே வழங்கினார்கள்.

நாம் அவ்வளவு செய்ய முடியாவிட்டாலும் மூன்று காரியங்கள் முடியும். ரகசியம் காக்கக்கூடிய ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒவ்வொரு மஹல்லாவிலும் பொறுப்பெடுத்து, குடும்பத்தாரை வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லலாம். பேருந்துச் செலவு, வீட்டுச் சாமான், பிள்ளைகளின் கொப்பி ஆகியவற்றுக்கு ஸகாத், ஸதகா நிதியிலிருந்து உலமாக்களின் ஆலோசனையோடு உதவலாம். அந்தப் பணத்தைப் பாவிப்பவரின் கையில் கொடுக்காமல் குடும்பத்திடம் சேர்க்க வேண்டும். ஜும்ஆ மேடையில் விற்பவனையும் விழுந்தவனையும் ஒரே வாயால் ஏசுவதை நிறுத்தலாம்.

அந்தத் தாயின் மகன் மந்திகைக்குப் போய் வருகிறான். ஒரு தடவை மீண்டும் விழுந்தான், மறுபடியும் போனான். இந்த நோயில் அது வழமை. அந்த வாப்பா மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குத் துணையாகப் போகும் மனதை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தருவானாக.